சுழற்கூட்டு மணிக்கூடும் அதன் மாதிரியுருவும்

கண்ணுக்கு எட்டாத நுண்பொறியைப் பெரிதாக்கிக் காட்டுவதே மாதிரியுருவின் பயன் என்பர். ஆயின், பெரிதாக்கிய பொறி மூலப்பொறியைப் போலவே இயங்குமா? இன்று பலர் முப்பரிமாண அச்சுப்பொறி கொண்டு பெரிய அளவிற் செய்து பார்க்கும் 'தூர்பியோன்' என்னும் மணிக்கூட்டுப் பொறி இவ்வினாவுக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பாரிசு நகரில் தொழில் புரிந்த ஆபிரகாம் லூயி பிரெகே (1747–1823) 1801 யூன் 26இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். மணிக்கூட்டிற் காலத்தை வகுப்பன சமன்சில்லும், அதனை முன்னும் பின்னும் அலையச் செய்யும் மயிர்ச்சுருளுமாம். சில்லின் ஈர்வை மையம் அச்சினின்றும் இம்மியளவு விலகினும், சட்டைப்பையிற் செங்குத்தாயிருக்கும் மணிக்கூடு முந்தும், அன்றேற் பிந்தும். பிரெகே அப்பிழையை ஒழிக்க முற்படவில்லை. எல்லாத் திசைக்கும் பங்கிட்டார். சமன்சில்லு, மயிர்ச்சுருள், பல்லுப்பல்லாக விடுபட்டுச் சுழலும் விடுசில்லு ஆகியவற்றை ஒரு கூட்டினுள் அமைத்து, அக்கூட்டையே சுழலச் செய்தார். ஒரு நிலையில் முந்துவது எதிர்நிலையிற் பிந்துவதால் ஈடாகின்றது.

இதன் கணக்கு எளிது. மணிக்கு 18,000 துடிப்பெனின் நிமிடத்துக்கு 300 ஆகும். 15 பற்களுடைய விடுசில்லு ஒரு சுற்றில் 30 துடிப்புக்கு இடந்தரும். எனவே அது கூட்டினுள் நிமிடத்துக்கு 10 முறை சுழலவேண்டும். அசையாது நிற்கும் 70 பற்சில்லொன்றைச் சுற்றி, விடுசில்லின் அச்சிலுள்ள 7 பற்சில்லு உருளுமாயின், கூடு நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும்.

இப்பொறியை, பொருள் மாற்றாது, எல்லா அளவிலும் பத்து மடங்காக்குவோம். பற்களின் எண்ணிக்கை மாறாது, காலமோ மாறிவிடும். சமன்சில்லின் சடத்துவத்திருப்பம் 100,000 மடங்காக, சுருளின் விறைப்பு 1,000 மடங்கே ஆகின்றது. அலைவுகாலம் இவ்விரண்டன் விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளருமாதலின், 0.4 செக்கன் 4 செக்கனாகும். கூடு ஒருமுறை சுழல 10 நிமிடம் செல்லும்.

புவியீர்ப்பின் செயலும் மாறும். சில்லின் நிறை 1,000 மடங்கும், மையம் விலகிய தூரம் 10 மடங்கும் ஆதலால், புவியீர்ப்புத் திருப்பம் 10,000 மடங்காகும். சுருளின் எதிர்ப்போ 1,000 மடங்கே. ஆகவே பிழை பத்து மடங்கு வலுக்கும்.

பழைய வேகத்தை மீட்க விரும்புவோர் சுருளின் விறைப்பை மேலும் 100 மடங்காக்கவேண்டும். அதற்கு அதன் தடிப்பை ஏறத்தாழ 4.6 மடங்காக்கினாற் போதும். ஆனால் அப்பொழுது புவியீர்ப்பின் பாதிப்பு மூலப்பொறியில் உள்ளதன் பத்திலொன்றாகக் குறைந்துவிடும். எப்பிழைக்காகக் கூடு சுழல்கின்றதோ, அப்பிழையே காண்பரிதாகும்!

எனவே வேகமாகத் துடிக்கும் மாதிரி மணிக்கூட்டின் தோற்றத்தைக் காட்டும். மெல்லத் துடிக்கும் மாதிரி பிரெகே எதிர்கொண்ட இடர்ப்பாட்டைக் காட்டும். இரண்டையும் ஒருங்கே பெறல் இயலாது. மாதிரி செய்யப் புகும் மாணவர், மூலத்தின் எப்பண்பைக் காத்தல் வேண்டும் என்பதை முதலில் துணிதல் வேண்டும். அத்துணிவுக்குப் பின்னரே அளவுகோலும் அரமும் கையில் எடுக்கத்தக்கன.