சூரிய பம்ப்செட்: பெட்டி 'ட்ரிப்' ஆனால் என்ன செய்ய வேண்டும்?

மதுரையை அடுத்த வண்டியூரிலும் சுற்றுவட்டாரச் சமவெளியிலும், கண்மாயும் வாய்க்காலும் வற்றிவிட்டால் கிணறுதான் கைகொடுக்க வேண்டும். கதிர் பிடிக்கும் சமயத்து நெல்லும், மொட்டு வைக்கும் சமயத்து மல்லிகையும் தண்ணீருக்காகக் காத்திருக்க மாட்டா. அந்த வேளையில் சூரிய பம்ப்செட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிட்டால் விவசாயிக்குப் பதற்றம் வருவது இயல்பே. பலர் உடனே சுவிட்சை அணைத்துப் போடுகிறார்கள். மோட்டார் ஓடாவிட்டால் மீண்டும் அணைத்துப் போடுகிறார்கள். நாலைந்து முறை இப்படிச் செய்த பிறகு பெட்டி அடியோடு செயலற்றுப் போவதும் உண்டு. கேபிள் இணைப்பைச் சரிசெய்வதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, பெட்டியையே மாற்றும் செலவாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க, அந்தப் பெட்டி எதற்காக நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

சூரியத் தகடுகள் தருவது டி.சி. மின்சாரம். மூன்று பேஸ் மோட்டாருக்குத் தேவை ஏ.சி. மின்சாரம். இதை மாற்றிக் கொடுப்பவை பெட்டிக்குள் உள்ள ஆறு மின்னணு சுவிட்சுகள். இவற்றை ஐ.ஜி.பி.டி. என்று அழைக்கிறார்கள். விரல் நகம் அளவே உள்ள சிலிக்கான் சில்லுகள் இவை. ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகின்றன.

இந்தச் சில்லை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் சென்னையில் பிறந்த பி. ஜெயந்த் பாலிகா. 1969இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பட்டம் பெற்ற இவர், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது 1980களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். 2024ஆம் ஆண்டின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. இன்று மின்சார ரயிலிலும் மின்சாரக் காரிலும் இருக்கும் அதே வகைச் சில்லுதான் வயல் வரப்பில் நிற்கும் பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

பழைய ரிலே ஏன் போதாது?

பழைய ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயை விவசாயிகள் நன்கு அறிவர். மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் அதிலுள்ள இரட்டை உலோகத் தகடு சூடேறி வளைந்து மோட்டாரை நிறுத்தும். இதற்குச் சில நொடிகள் ஆகும். மோட்டாரின் செம்புக் காயில் அந்தச் சில நொடிகளைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் சில்லு தாங்காது. மோட்டார் ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டி 'ஷார்ட்' ஆனால், பெட்டிக்குள் உள்ள கண்டென்சர்களில் தேங்கியிருக்கும் மின்சாரம் முழுவதும் ஒரே பாய்ச்சலாகச் சில்லின் வழியே ஓடும். பொதுவாக இவ்வகைச் சில்லு அதைத் தாங்கும் நேரம் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குதான். பியூஸ் உருகுவதற்குள்ளேயே சில்லு எரிந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்திலேயே ஒரு காவல் சுற்று வைக்கப்பட்டிருக்கிறது. ஒழுங்காகத் திறந்திருக்கும் சில்லின் இரு முனைகளுக்கும் இடையே இரண்டு வோல்ட் அளவே மின்னழுத்தம் இருக்கும். ஷார்ட் ஏற்பட்டால் இது சட்டென்று உயரும். குறித்த அளவைத் தாண்டியதும் காவல் சுற்று சில்லை மூடிவிடும்.

மூடுவதிலும் ஒரு நிதானம் உண்டு. தண்ணீர் வேகமாக ஓடும் குழாயில் வால்வைப் படாரென்று மூடினால் குழாய் அதிரும். சில சமயம் வெடிக்கவும் செய்யும். பெருமின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினாலும் அப்படித்தான். மின்னழுத்தம் எகிறிச் சில்லை உடைத்துவிடும். எனவே ஷார்ட் ஏற்பட்ட நேரத்தில் காவல் சுற்று சில்லைச் சற்றே மெதுவாக மூடுகிறது.

இன்னும் இரண்டு காவல்கள் உண்டு. சில்லைத் திறக்கும் கட்டளை மின்னழுத்தம் வழக்கமாகப் பதினைந்து வோல்ட் இருக்க வேண்டும். அது குறைந்தால் பாதி தூக்கிய மதகுபோலச் சில்லு அரைகுறையாகத் திறந்து சூடேறும். அப்போதும் பெட்டி நின்றுவிடும். சில்லின் அடியிலுள்ள அலுமினியத் தகடு அளவுக்கு மீறிச் சூடானாலும் நின்றுவிடும்.

மீண்டும் மீண்டும் போடுவதால் வரும் கேடு

காவல் சுற்று சில்லைக் காப்பாற்றுகிறது. ஆனால் கோளாறைச் சரிசெய்வதில்லை. ஷார்ட் அப்படியே இருக்கச் சுவிட்சைப் போட்டால், ஒவ்வொரு முறையும் சில்லு கடுமையாகச் சூடேறி ஆறுகிறது. அதன் மேலுள்ள மெல்லிய கம்பிகளும் அடியிலுள்ள பற்றவைப்பும் சிறிது சிறிதாகத் தளர்கின்றன. ஒரு நாள் காவல் சுற்று சரியாக வேலை செய்தும் சில்லு பிழைக்காது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. பெட்டி நின்றதும் திரையில் தோன்றும் எழுத்தையும் எண்ணையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பல பெட்டிகளில் 'ஓ.சி.' என்பது மின்சாரம் மிகுந்ததையும், 'ஓ.எச்.' என்பது சூடு மிகுந்ததையும், 'யூ.வி.' என்பது மின்னழுத்தம் குறைந்ததையும் குறிக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும். கையேட்டைப் பார்க்க வேண்டும்.

2. காலையிலும் மாலையிலும், மேகமூட்டத்திலும் மின்னழுத்தக் குறைவு என்று காட்டினால் அது பெரும்பாலும் கோளாறு அல்ல. வெயில் ஏறியதும் சரியாகிவிடும்.

3. சூடு மிகுதி என்று காட்டினால், பெட்டியின் பின்புறத் தகட்டில் தூசியோ குளவிக்கூடோ அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் நேர்வெயில் படாமல் சிறு கூரை போடலாம்; காற்றோட்டத்தை அடைக்கக் கூடாது.

4. மின்சாரம் மிகுதி என்று காட்டினால் மீண்டும் சுவிட்ச் போடாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். கிணற்றுக்குள் உள்ள கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். எலி ஒயரைக் கடித்திருக்கலாம். மோட்டார் காயில் கெட்டிருக்கலாம். மணல் அடைத்து பம்ப் இறுகியிருக்கலாம்.

5. மெக்கானிக் மெக்கர் வைத்துச் சோதிக்கும்போது மோட்டார் ஒயர்களைப் பெட்டியிலிருந்து கழற்றிய பிறகே சோதிக்க வேண்டும். ஒயர்கள் பெட்டியோடு இணைந்திருக்க மெக்கர் வைத்தால், அதன் உயர் மின்னழுத்தமே சில்லைக் கெடுத்துவிடும். மோட்டாரின் காப்பு ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் அதை ஓட்டக் கூடாது.

6. சுவிட்சை அணைத்த உடனே பெட்டியைத் திறக்கலாகாது. கண்டென்சரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். கையேட்டில் சொன்ன நேரம், குறைந்தது பத்து நிமிடமாவது காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்று அளந்து பார்த்த பின்னரே மெக்கானிக் கை வைக்க வேண்டும். வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து வரும் ஒயரிலும் மின்சாரம் உண்டு.

7. இரண்டு பேஸ் மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டக் கண்டென்சர் மாட்டும் பழைய வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே கண்டென்சர் இருந்தால், அதற்குப் பாயும் மின்சாரமே பெட்டியை நிறுத்திவிடும்; சில்லையும் கெடுக்கும்.

8. எர்த் ஒயரை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இடிமின்னலை எந்தச் சில்லுக் காவலும் தடுக்காது. அதற்கு மின்னல் தாங்கியும் நல்ல எர்த்தும்தான் துணை.

யாரை அணுகுவது?

2019இல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தின் கீழ் மானியத்தில் பெற்ற சூரிய பம்ப்செட்டுகளுக்கு, நிறுவிய நிறுவனமே ஐந்து ஆண்டுகள் பராமரிப்புப் பொறுப்பை ஏற்க வேண்டும். தாமாகப் பெட்டியைத் திறந்தால் அந்த உரிமைக்குப் பங்கம் வரலாம். குறித்து வைத்த எழுத்தையும் நின்ற நேரத்தையும் சொல்லி நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். பதில் இல்லையெனில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

சிவப்பு விளக்கு எரிந்தால் பெட்டி கெட்டுவிட்டது என்று பொருளல்ல. வேறெங்கோ உள்ள கோளாறைப் பெட்டி கண்டுபிடித்துவிட்டது என்று கொள்ள வேண்டும். ஒரு நாள் பாய்ச்சல் தள்ளிப்போனாலும் காரணத்தைக் கண்டு நீக்கிய பிறகு மோட்டாரைப் போடுவதே, மீதிப் பருவத்துக்கும் தண்ணீரை உறுதியாக்கும் வழியாகும்.