விதியும் புறனடையும்: சட்டம், அறம், அன்றாட வாழ்வு ஆகியவற்றில் விலக்கின் தகுதிப்பாடு

ஆய்வுச்சுருக்கம்

எந்த விதியும் தன் எல்லைக்குள் வரக்கூடிய எல்லா நிகழ்வுகளையும் முன்னுணர்ந்து வகுக்கப்படுவதில்லை. ஆகவே விதி உள்ள இடமெல்லாம் விலக்கும் தோன்றுகிறது. தகுதியான விலக்கையும் வேண்டியவர்க்கு அளிக்கப்படும் சலுகையையும் எவ்வாறு பிரித்தறிவது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தமிழ் இலக்கண மரபின் புறனடைக் கோட்பாட்டிலிருந்து ஓர் அளவுகோலைப் பெற்று, அதனைச் சட்டம், அறம், அன்றாட வாழ்வு ஆகிய மூன்று களங்களில் பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விதி, விலக்கு, புறனடை, சலுகை, கண்ணோட்டம், குடவோலை

முன்னுரை

தமிழில் ‘விதி’ என்னும் சொல் ஊழையும் குறிக்கும். வகுக்கப்பட்ட நெறியையும் குறிக்கும். ஊழ் என்னும் பொருளில் விதி மனிதரால் மாற்ற இயலாதது. நெறி என்னும் பொருளில் அது மனிதரால் ஆக்கப்பட்டது. ஆதலின் ஆய்வுக்கும் திருத்தத்திற்கும் உரியது. நடைமுறையில் இவ்விரு பொருள்களும் அடிக்கடி மயங்குகின்றன. ‘விதி அப்படி இருக்கிறது’ என்று ஓர் அலுவலர் கூறும்போது, மனிதர் வகுத்த நெறி ஊழின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. மறுபுறம், செல்வாக்கு உடையவர் முன் அதே விதி எளிதில் நெகிழ்கிறது. எளியவரிடம் இறுகி வலியவரிடம் தளரும் விதி, விதி என்னும் பெயருக்குரிய தன்மையை இழக்கிறது. எனவே விதிகளின் பணியை அறிய, அவை விலக்கை எவ்வாறு கையாளுகின்றன என்பதை அறிதல் இன்றியமையாதது.

இலக்கண மரபில் புறனடை

விதி தன் எல்லையைத் தானே ஒப்புக்கொள்ளும் முறையைத் தமிழ் இலக்கண மரபு தெளிவாக வளர்த்துள்ளது. தொல்காப்பியத்தின் இயல்கள் பலவற்றின் இறுதியில் புறனடை நூற்பாக்கள் அமைந்துள்ளன. உரையாசிரியர்கள் விதிகளுக்கிடையிலான உறவை ‘எய்தியது விலக்கல்’, ‘எய்தாதது எய்துவித்தல்’, ‘எய்தியது இகந்துபடாமைக் காத்தல்’ எனப் பாகுபடுத்தினர். விதித்தல், விலக்கல், விலக்கு மிகாமல் காத்தல் ஆகிய மூன்றும் ஒரே அமைப்பின் உறுப்புகள் என்னும் தெளிவு இப்பாகுபாட்டில் காணப்படுகிறது.

எழுத்ததிகாரத்தின் இறுதியில், குற்றியலுகரப் புணரியலில் அமைந்த புறனடை இங்குக் கருதத்தக்கது. கூறப்பட்ட விதிகளுக்கு வேறுபட்டுச் செய்யுளிலும் வழக்கிலும் வருவனவற்றை, வழக்கின் இயல்பை நோக்கி நன்மதியுடன் ஆராய்ந்து கொள்ளுமாறு அது பணிக்கிறது. இதிலிருந்து இரண்டு கட்டுப்பாடுகள் பெறப்படுகின்றன. ஒன்று, விலக்குக்குப் பலரறிந்த சான்று வேண்டும். தனியொருவர் விருப்பம் போதாது. மற்றொன்று, அச்சான்றைச் சீர்தூக்கும் ஆய்வு வேண்டும். இவற்றைச் சமூக விதிகளுக்கு விரித்தால், விலக்கின் தகுதியை மூன்று வினாக்களால் அளக்கலாம்: அதன் காரணம் யாவரும் அறியச் சொல்லத்தக்கதா? அதே நிலையில் உள்ள பிறர்க்கும் அது கிட்டுமா? விதியின் நோக்கத்தை அது காக்கிறதா?

சட்டத்தில் விலக்கு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1889ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட ரிக்ஸ் எதிர் பால்மர் வழக்கு இவ்வினாக்களுக்குரிய சிறந்த களமாகும். பாட்டனின் உயில்வழிச் சொத்துக்கு உரியவனான பேரன், அவர் உயிலை மாற்றிவிடக்கூடும் என்னும் அச்சத்தால் 1882இல் அவரை நஞ்சூட்டிக் கொன்றான். உயில் முறைப்படி எழுதப்பட்டிருந்தது. கொலை செய்தவர் உயிற்சொத்தை இழப்பார் என்று அன்றைய சட்டத்தில் விதி இல்லை. எனினும், தன் குற்றத்தால் எவரும் பயன் பெறலாகாது என்னும் பொதுநெறியைச் சுட்டி, பெரும்பான்மை நீதிபதிகள் அவனுக்குச் சொத்துரிமையை மறுத்தனர். சட்டம் தெளிவாக இருக்கும்போது நீதிமன்றம் தானே ஒரு விலக்கைச் சேர்ப்பது, சட்டம் விதிக்காத கூடுதல் தண்டனையாகும் என்பது மாறுபட்ட தீர்ப்பின் வாதம். விதிகளினின்று வேறான நெறிகளும் சட்டத்தில் உள்ளன என்பதை நிறுவ ரொனால்ட் டுவொர்க்கின் 1967இல் இவ்வழக்கை எடுத்தாண்டார்.

மாறுபட்ட தீர்ப்பின் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. நீதிபதி நன்மை எனக் கருதியதெல்லாம் விலக்காகுமாயின், விதியை நம்பி ஒழுகுவோர்க்குப் பற்றுக்கோடு இல்லை. ஆயினும் இவ்விலக்கு மேற்கூறிய மூன்று வினாக்களுக்கும் விடை தருகிறது. காரணம் தீர்ப்பில் வெளிப்பட எழுதப்பட்டது. அது குறிப்பிட்ட ஒருவனுக்கன்றிக் கொலையால் சொத்தடைய முயலும் யாவர்க்கும் பொருந்துவது. உயிலெழுதுவோரின் விருப்பத்தைப் பேணும் சட்டத்தின் நோக்கத்தோடு இயைவது. இந்தியாவில் இந்து வாரிசுரிமை தொடர்பான ஒரு வழக்கில் 1924இல் பிரிவி கவுன்சில் இதே நெறியை ஏற்றது. பின்னர் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், கொலை செய்தவரும் அதற்கு உடந்தையானவரும் கொலையுண்டவரின் சொத்துக்கு வாரிசாகார் என 25ஆம் பிரிவில் விதித்தது. தகுதியான விலக்கு நாளடைவில் தானே விதியாகும் என்பதற்கு இது சான்று.

விலக்கை முன்கூட்டியே விதிக்குள் அமைத்த முறைக்கு முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் எடுத்துக்காட்டாகும். கி.பி. 919இல் வகுக்கப்பட்ட வாரியத் தேர்வு விதிகள் இரண்டே ஆண்டுகளில், 921இல், திருத்தப்பட்டன. திருத்திய விதி, கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலத்தைத் தகுதியாகக் கேட்டது. ஆயினும் அரைக்கால் வேலி நிலமே உடையவர், ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவராயின் அவருக்கு இடமளித்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கியது. ஓலையை எடுக்கும் பணி, உள்ளே இருப்பதை அறியாத சிறுவனிடம் தரப்பட்டது. இவ்வூர் பிரமதேயமாதலின் தகுதி வரையறை நிலமும் வேதக்கல்வியும் உடையவர்க்கு உள்ளேயே நின்றது. அனைவர்க்குமான மக்களாட்சியாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் விதி, விலக்கு, தகுதியின்மை ஆகிய மூன்றும் ஒரே கற்சுவரில் காணப் பொறிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

அறத்தில் விலக்கு

அறக்களத்தில் சிக்கல் மேலும் கூர்மையாகிறது. இங்கு விதியைக் கைக்கொள்பவரும் விலக்கைக் கோருபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே. இம்மானுவேல் கான்ட் 1797இல் எழுதிய கட்டுரையில், கொலைஞனிடமிருந்து நண்பனைக் காப்பதற்காகவும் பொய் கூறலாகாது என வாதிட்டார். ஒருமுறை விலக்கு அளித்தாலும் சொல்லின் மீதான பொதுநம்பிக்கை குலையும் என்பது அவர் கருத்து. திருக்குறளின் வாய்மை அதிகாரமோ தீமை பயவாத சொல்லே வாய்மை எனத் தொடங்கி, குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறது. வள்ளுவர் விலக்கு அளிக்கிறார். ஆனால் ‘குற்றமற்ற’ என்னும் வரம்பையும் உடன் வைக்கிறார். கூறுபவர்க்கு நன்மை விளைந்தால் போதும் என்பது அவர் கருத்தன்று.

இவ்வரம்பு ஆட்சி அறத்திலும் தொடர்கிறது. செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறள் எவரிடத்தும் கண்ணோடாது ஆராய்ந்து செய்வதே முறை என்கிறது. கண்ணோட்டம் என்னும் தனி அதிகாரமோ அதே பண்பைப் போற்றுகிறது. இது முரணன்று. தொழில் சிதையாமல் கண்ணோட வல்லவர்க்கே உலகம் உரிமையுடையது என்று அவ்வதிகாரமே இரண்டையும் இணைத்துவிடுகிறது. பரிவு விதியின் நோக்கத்தைச் சிதைக்காதவரை அறமாகும். சிதைக்கும்போது அது சலுகையாகிறது.

அன்றாட வாழ்வில் விலக்கு

வரிசை எழுதப்படாத விதிகளுள் ஒன்று. நியாயவிலைக் கடையிலோ மருத்துவமனையிலோ கருவுற்ற பெண் ஒருவர் முன்னே அனுப்பப்படும்போது நிற்போர் பொதுவாக இசைகின்றனர். ஊழியருக்குத் தெரிந்தவர் பக்கவாயிலால் நுழையும்போது அவர்களே வெகுள்கின்றனர். இரு நிகழ்விலும் ஒவ்வொருவரும் இழப்பது ஓர் இடமே. எனவே வேறுபாடு இழந்த நேரத்தில் இல்லை. முதல் விலக்கின் காரணத்தை வரிசை முழுதும் கேட்க உரக்கச் சொல்லலாம். இரண்டாவதன் காரணத்தை அவ்வாறு சொல்ல இயலாது. அத்தகைய சலுகைகள் பெருகும்போது, வரிசையில் நிற்பதே அறியாமை என்னும் எண்ணம் பரவி விதி அழிகிறது.

விலக்கின்மையும் விதியை அழிக்கவல்லது. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்கவில்லை என்று ஒரு முதியவர் பொருளின்றித் திருப்பி அனுப்பப்படுவாராயின், உரியவருக்கே பொருள் சேர வேண்டும் என்பதற்காக வந்த விதி உரியவரையே விலக்குகிறது. இங்குத் தேவைப்படுவது ஊழியரின் இரக்கம் மட்டுமன்று. அவர் அச்சமின்றிக் கைக்கொள்ளத்தக்க, எழுதப்பட்ட மாற்றுவழி. அவசர ஊர்திக்கு வழிவிடுதல் இதற்கு ஒப்புமையாகும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அவ்வாறு வழிவிடத் தவறுவதையே தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. சாலையில் ஊர்திகள் செல்லும் பொதுமுறைக்கான விலக்கு இங்கு ஓட்டுநர் காட்டும் கருணையாக நில்லாமல் அவருடைய கடமையாகிறது.

முடிவுரை

விதியின் வலிமை அதன் இறுக்கத்தில் இல்லை. தான் கூறாதவற்றை எவ்வாறு கொள்வது என்பதற்கும் நெறி வகுப்பதில் உள்ளது. சட்டத்தில் அந்நெறி எழுதப்பட்ட காரணமாகவும், அறத்தில் தன்னலம் கலவாத ஆய்வாகவும், அன்றாட வாழ்வில் பலர் முன் சொல்லத்தக்க நியாயமாகவும் அமைகிறது. காரணம் மறைக்கப்படும் விலக்கு சலுகை. காரணம் இருந்தும் மறுக்கப்படும் விலக்கு கொடுமை. புறனடைக்கு இடம் வைக்காத விதியில், முன்னது செல்வாக்கு உடையவரையும் பின்னது இல்லாதவரையும் சென்றடைகிறது. புதிய விதிகளை வகுப்போர், விதியோடு அதன் புறனடையையும் எழுதி வெளியிடுவது இவ்விரண்டையும் தடுக்கும் வழியாகும்.