பிளக்கின் வாய்

போன மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று, என் கராஜ் வாசலுக்கு வரமுன்னமே தன் வருத்தத்தைச் சொல்லிவிட்டது. மெதுவாக ஓடும்போது பட்டுப்போலச் சத்தம். தம்பி அக்சிலேற்றரை முழுக்க முறுக்கியதும் இடையிடையே ஓர் அடி விழாமல் போனது. தவில்காரர் மூன்றாம் காலத்தில் ஒரு சொல்லை விழுங்கினால் காதுக்கு எப்படி இடறும், அப்படி. தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊரில் வளர்ந்த காது, விழுந்த அடியைவிட விழாத அடியைத்தான் முதலில் பிடிக்கும்.

வண்டி ஹொண்டா ஹோர்னட் 250. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 62 சிசி, சின்னத் தேத்தண்ணிக் கிளாசுக்கும் குறைவு. அதைக்கொண்டு நிமிடத்துக்கு 14,000 சுற்றில் 40 குதிரைவலு எடுக்கிறான் யப்பான்காரன். மீற்றரில் சிவப்புக் கோடு 16,000இல். டேர்போ கிடையாது, காற்றைத் திணித்துவிட ஆள் இல்லை. பிஸ்ரன் கீழே இறங்கும்போது தானாக இழுக்கிற மூச்சுத்தான் எல்லாம். இப்படிப்பட்ட சின்ன எஞ்சினிடம் கூடுதல் பலம் வேண்டுமென்றால் நிமிடத்துக்குக் கூடுதல் தடவை மூச்சிழுக்க வைக்கவேண்டும். ஹொண்டாவுக்கு அது பழைய வித்தை. 1966இல் மைக் ஹெயில்வுட் ஓட்டிய ஆறு சிலிண்டர் 250 றேஸ் வண்டி 18,000 சுற்று சுற்றியது.

பிளக்கைக் கழற்றமுன் காற்றடித்துக் குழியைச் சுத்தமாக்கினேன். எங்கள் ஊர்ச் செம்மண் தோட்டத்துக்குப் பொன், எஞ்சினுக்கு நஞ்சு. பிளக் குழிக்குள் படிந்த புழுதி சிலிண்டருக்குள் விழுந்தால் சாணைக்கல்லாகிவிடும். நான்கையும் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்து, இடைவெளி பார்க்கும் கம்பியைச் செருகினேன். 1.1 மில்லிமீற்றர் கம்பி தாராளமாகப் போய் வந்தது.

“ஆர் தம்பி இதை விரிச்சது?”

“நான்தான் அண்ணை. வாயைப் பெரிசாக்கினால் பொறியும் பெரிசாம், நல்லா இழுக்குமாம் எண்டு கூட்டாளி சொன்னவன்.”

கூட்டாளி சொன்னது அரைவாசி சரி. அந்த அரைவாசிதான் ஆபத்து.

பிளக்கின் நடுக்கம்பிக்கும் மேலே வளைந்து நிற்கும் கொக்கிக்கும் நடுவில் வெறும் காற்று. மின்சாரம் அந்த இடைவெளியைப் பாய்ந்து கடக்கவேண்டும். சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ற்று போதும். சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்பட்டிருக்கும். அப்போது பல மடங்கு வேண்டும். இடைவெளி கூடினாலும் அமுக்கம் கூடினாலும் தேவைப்படும் வோல்ற்றும் கூடும் என்பதை, பாஷன் என்ற ஜேர்மன்காரர் 1889இலேயே அளந்து சொல்லிவிட்டார். டேர்போ வண்டிகளுக்கு இடைவெளியைக் குறுக்கி வைப்பதும் இதனால்தான். அங்கே அமுக்கம் அதிகம். தானாக மூச்சிழுக்கிற எஞ்சினில் கொஞ்சம் தாராளமாக வைக்கலாம். ஆனால் அந்தத் தாராளத்துக்கும் கணக்கு உண்டு.

அந்த வோல்ற்றைக் கொடுப்பது கொயில். ஒவ்வொரு பொறிக்கு முன்னும் கொயில் நிரம்ப வேண்டும். நிரம்ப நேரம் வேண்டும். ஹோர்னட் 1,500 சுற்றில் நின்றுகொண்டிருக்கும்போது, ஒரு சிலிண்டரில் இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே 80 மில்லிசெக்கன் இருக்கிறது. 16,000இல் அது 7.5 மில்லிசெக்கன். ஒரு கொயில் இரண்டு பிளக்கைப் பார்க்கிற அமைப்பென்றால் அதிலும் பாதி. முழுக்க முறுக்கியிருப்பதால் சிலிண்டர் நிறையக் காற்று, ஆகவே அமுக்கமும் உச்சம். இந்த வண்டியில் இழுவை உச்சத்துக்கு வருவது 11,000 வாக்கில். தம்பிக்கு அடி விழாமல் போனதும் அங்கேதான். கொயிலுக்கு நேரம் குறைந்த இடத்தில் பிளக் கூடக் கேட்கிறது. பொறி பாயாத சுற்றில் பெற்றோல் எரியாமலே சைலன்சருக்குள் போகிறது.

7.5 என்ற எண்ணைச் சொன்னதும் எனக்கு ஒரு மொறிஸ் மைனர் நினைவுக்கு வந்தது. நாலு சிலிண்டருக்கும் ஒரே கொயில். அது 4,000 சுற்றில் ஓடினால் பொறிக்குப் பொறி அதே 7.5 மில்லிசெக்கன். அதிலும், கொயிலுக்கு மின்சாரம் விடுகிற பொயின்ற் மூடியிருக்கிற மூன்றில் இரண்டு பங்கு நேரம் மட்டுமே கொயில் நிரம்பும், ஐந்து மில்லிசெக்கன். எங்கள் அப்பாமாரின் கிழட்டுக் காரும் இந்தப் பொடியனின் பறக்கிற வண்டியும் கொயிலின் கண்ணில் ஒன்றுதான்!

நான் தொழில் பழகியது அந்த மொறிஸ் மைனர்களிலும் ஒஸ்ரின் ஏ40களிலும்தான். 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணத்தின்மேல் பொருளாதாரத் தடை இறுகியபோது எனக்குப் பதினைந்து வயது. பெற்றோல் கண்ணில் காணாப் பொருள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் தொங்கும். அதைக் குழாயால் காபரேற்றருக்கு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கரி படியும். அந்தக் கரி வழியாக மின்சாரம் பொறியாகாமலே கசிந்துவிடும். பற்றறியும் தடைப் பட்டியலில். செத்த பற்றறி, சோர்ந்த கொயில், கரி பிடித்த பிளக். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு காரை ஓட்ட என் முதலாளி கண்ட வழி, வாயைக் குறுக்குவது. 25 தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் இருபத்தைந்து பங்கு, என்று புத்தகம் சொன்ன இடத்தில் அவர் 20 வைத்தார். கொக்கியின் முனையை அரத்தால் ராவிக் கூராக்கினார். கூரான விளிம்பிலிருந்து பொறி லேசாகப் பாயும்.

பீலர் கேஜ் எங்களிடம் இருக்கவில்லை. இரும்பறுக்கிற வாளின் பிளேட்டில் பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டு அதைத்தான் செருகுவார். அந்த பிளேட்டின் தடிப்பு 25 தௌ. முட்டாமல் போனால் பெரிது. 20 வேண்டுமென்றால், பிளேட் போகாத அளவுக்குக் கொக்கியை ஒரு தட்டுத் தட்டி, மீதியை ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் முடிப்பார். 1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது என் காற்சட்டைப் பையில் இருந்த ஒரே ஆயுதம் அந்த பிளேட். சனம் ஊர் திரும்பத் தொடங்கியது 1996 சித்திரையில். ஹோர்னட் யப்பானில் வெளிவந்ததும் அதே 1996தான். எங்களுக்கு அப்போது எந்த வண்டி எங்கே வெளிவருகிறது என்று யாருக்குத் தெரியும்.

இவ்வளவு சொன்ன நான் தம்பியின் வண்டியில் பிழை விட்டேன். கை பழக்கம்! நான்கு பிளக்கையும் 0.6க்குக் குறுக்கிப் பூட்டிவிட்டேன். அடுத்த நாளே வந்தான்.

“அண்ணை, மேலை சோக்கா இழுக்குது. மல்லாகம் சந்தியிலை நிண்டால் எஞ்சின் தடுமாறுது, ரெண்டு தரம் நிண்டும் போச்சு.”

அப்போதுதான் கூட்டாளியின் சரியான அரைவாசி எனக்கு உறைத்தது. அதிகம் சுற்றுகிற எஞ்சினின் வால்வுகள், மேலே வேகமாக மூச்சு விடுவதற்கென்றே, உள்ளிழுப்பும் வெளிவிடுதலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படும்படி அமைந்திருக்கும். மெதுவாகச் சுற்றும்போது அதனால் பழைய புகை கொஞ்சம் சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும். அந்தக் கலப்படக் காற்றைப் பற்றவைக்க நீண்ட பொறி வேண்டும். வாய் சின்னதானால் பிறக்கிற சுவாலையும் சின்னது. பக்கத்தில் நிற்கிற உலோகமே அதன் சூட்டை உறிஞ்சி அணைத்துவிடும். நாதஸ்வரக்காரரின் சீவாளியும் இப்படித்தான். வாய் கூட விரிந்திருந்தால் மூச்சுப் போதாது. கூட ஒடுங்கினால் கீழ்ச்சுரம் பேசாது. அதற்காகத்தானே வாத்தியத்தில் ஓர் ஊசியும் தொங்குகிறது.

பதில் முதல் நாளே என் கையில் இருந்தது, பிளக்கின் மேல் அச்சடித்து. இந்த வண்டிக்கு என்ஜிகே சிஆர்8ஈஎச்-9. கடைசி 9 என்றால் 0.9 மில்லிமீற்றர். நடுவில் நிற்கும் 8 சூட்டு எண். என்ஜிகேயில் எண் கூடக்கூடப் பிளக் சூட்டை வேகமாகக் கடத்தும், வேறு சில கொம்பனிகளில் கணக்கு தலைகீழ். ஹொண்டா தருகிற அளவு 0.8 முதல் 0.9 வரை. நான் 0.8 வைத்தேன். ஓட ஓட முனை தேய்ந்து இடைவெளி தானாக விரியும். ஆகவே குறைந்த பக்கத்திலிருந்து தொடங்குவது கெட்டித்தனம்.

குறுக்குவதானால் கொக்கியின் முதுகை மரக்கட்டையில் மெல்லத் தட்டவேண்டும். விரிப்பதானால் கொக்கியை மட்டும் பிடித்து வளைக்கவேண்டும். நடுக்கம்பியில் நெம்பக்கூடாது, பீங்கான் வெடிக்கும். இரிடியம் பிளக்கில் அந்தக் கம்பி ஊசிபோல மெல்லிசு, தொட்டாலே முறியும். சரிவான காசு மாதிரிக் கேஜை அதற்குள் செருகுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். புதுப் பிளக் என்றாலும் அளக்கவேண்டும், பெட்டி ஒருதரம் நிலத்தில் விழுந்திருந்தால் போதும். பூட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கையால் இறுகும்வரை திருகிவிட்டு, புது வாஷருக்கு இன்னோர் அரைச் சுற்று. அலுமினிய மரை, பத்து மில்லிமீற்றர். வீரம் காட்டினால் செலவு பிளக்கோடு நிற்காது.

மாலையில் தம்பி பண்ணைப் பாலப் பக்கம் ஓடிப் பார்த்துவிட்டு வந்தான். எங்கள் குடாநாட்டில் ஏற்றம் கிடையாது. எஞ்சினுக்குச் சுமை கொடுக்கக் கடற்காற்றுத்தான். அடி ஒன்றும் விழாமல் போகவில்லை என்றான். கராஜ் வாசலில் நிறுத்தி முறுக்கிக் காட்டினான். போதும், நிப்பாட்டு என்றேன்.

அவன் போகமுன்னமே வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் தண்ணீர் இறைக்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். பழைய மண்ணெண்ணெய் மெசின். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340க்கு ஏறியபோது மூலையில் போட்டதாம், இப்போது மறுபடி எடுத்திருக்கிறார். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன். லாச்சியைத் திறந்து பல்லுத் தேய்ந்த பிளேட்டை எடுத்துச் செருகினேன். லேசாக உரசிக்கொண்டு போனது.