கிராமத்தின் அனர்த்தத் திட்டம் கோப்பில் உறங்கலாமா?

வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை நெருங்கும் காலத்தில் மாவட்டச் செயலகங்களில் அனர்த்த முன்னாயத்தக் கூட்டங்கள் நடைபெறுவது ஆண்டுதோறும் நாம் காணும் வழக்கமாகும். முப்படையினர், பொலிஸார், நீர்ப்பாசனம், சுகாதாரம், மின்சாரம் ஆகிய துறைகளின் அதிகாரிகள் அவற்றில் பங்குபற்றுவர். தீர்மானங்கள் நிறைவேற்றப்படும். மறுநாள் பத்திரிகைகளில் புகைப்படங்களும் வெளிவரும். ஆனால் வெள்ளம் ஊருக்குள் புகுந்த இரவில், தாழ்நிலத்துக் குடிசையில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவரை யார் தூக்கிச் செல்வது, எந்த ஒழுங்கையால் செல்வது, எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்விகளுக்கு இக்கூட்டங்களில் விடை கிடைப்பதில்லை. அதற்காக அதிகாரிகளைக் குறைகூறிப் பயனுமில்லை. அந்த விடை கச்சேரியில் இல்லை, கிராமத்திலேதான் இருக்கிறது.

சட்டம் இல்லாத நாடல்ல இது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுசென்றதன் பின்னர், 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஜனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசிய பேரவையும், அனர்த்த முகாமைத்துவ நிலையமும், மாவட்டந்தோறும் அதன் இணைப்பு அலகுகளும் அதன்வழி வந்தவையே. பிரதேச செயலகத்துக்குக் கீழே, கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்திலும் அனர்த்த முகாமைத்துவக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்பதே ஏற்பாடு. முன்னெச்சரிக்கை, மீட்பு, முதலுதவி, தங்குமிட நிர்வாகம் என உபகுழுக்களும் உண்டு. தாளில் பார்த்தால் இதில் குறை காண்பதற்கு அதிகம் எதுவுமில்லை. குழு அமைக்கப்பட்ட நாளில் எழுதப்பட்ட பெயர்களுள் எத்தனை பேர் இன்றும் ஊரில் இருக்கின்றனர், எத்தனை பேர் மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றுவிட்டனர் என்பதை யாரும் சரிபார்ப்பதில்லை என்பதே குறை.

அனர்த்தத்தின் முதலாவது மணித்தியாலங்களில் வெளியிலிருந்து உதவி வருவதில்லை என்பது நமது அனுபவமாகும். 2004 இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியபோது இலங்கையில் நேரம் காலை 7 மணியளவு. அலை கிழக்குக் கரையை அடைவதற்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேலான அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தில் கல்முனைக்கோ, மருதமுனைக்கோ, பாண்டிருப்புக்கோ, முல்லைத்தீவுக்கோ ஒரு வார்த்தை வந்து சேரவில்லை. கடல் உள்வாங்கியபோது அதை வேடிக்கை பார்க்கச் சென்றவர்களும் உண்டு. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். ஆனால் நடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில், ஏறத்தாழ 78 ஆயிரம் மக்களுள் உயிரிழந்தோர் ஏழு பேர் மாத்திரமே. அங்கே சைரன் எதுவும் இருக்கவில்லை. 1907 ஆம் ஆண்டு வந்த பேரலையின் நினைவைப் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கதையாகச் சொல்லிச் சொல்லி, நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்ற ஒரேயொரு அறிவைப் பிள்ளைகளின் மனதில் பதித்திருந்தனர். பத்து நிமிடத்தில் வந்த அலையிலிருந்து ஒரு தீவு தப்பியது. ஒன்றரை மணித்தியாலம் இருந்தும் நாம் தப்பவில்லை.

நமது மண்ணிலும் அத்தகைய நினைவுகள் இல்லாமலில்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னந்தோட்டங்கள் அடியோடு சாய்ந்தன. சூறாவளியின் மையம் ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென ஓய்ந்துவிடும். ஓய்ந்துவிட்டதென்று நம்பி வெளியே வருவோரை, சற்று நேரத்தின் பின் முன்னரிலும் பலமாக, எதிர்த்திசையிலிருந்து வீசும் காற்று தாக்கும். கிழக்குக் கரையில் முதலில் வடக்கிலிருந்து வீசும் காற்று பின்னர் தெற்கிலிருந்து திரும்புவது இதனாலேயே ஆகும். அன்றைய இளைஞர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் அறிந்ததை ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகள் கேட்டு எழுதிவைக்க வேண்டுமென்பது எமது விருப்பம். அதற்குச் செலவு ஓர் அப்பியாசக் கொப்பி.

ஒரு கிராமத்தின் திட்டம் உண்மையில் எப்படி இருக்க வேண்டும்? முதலில் வேண்டியது ஒரு பட்டியல். தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர், பார்வையற்றோர், நாளாந்தம் இன்சுலின் போடுவோர், பிரசவ நாள் நெருங்கிய தாய்மார் ஆகியோரின் பெயர்களும் வீடுகளும் அதில் இருக்க வேண்டும். இதைத் தயாரிக்கப் புதிய கணக்கெடுப்பு எதுவும் அவசியமில்லை. கர்ப்பிணித் தாய்மாரின் விபரம் குடும்ப நல உத்தியோகத்தரிடம் உண்டு. முதியோர் கொடுப்பனவு பெறுவோரின் விபரம் பிரதேச செயலகத்தில் உண்டு. இவை ஒன்றுசேர்க்கப்படாமல் வெவ்வேறு கோப்புகளில் கிடக்கின்றன என்பதுதான் பிரச்சினை. பட்டியலிலுள்ள ஒவ்வொருவருக்கும் எதிரே, அவரைத் தூக்கிச் செல்லும் பொறுப்பை ஏற்ற இருவரின் பெயர் எழுதப்பட வேண்டும். ஒருவர் போதாது. அவர் அன்று கடலுக்குப் போயிருக்கக்கூடும்; வயலில் காவல் இருக்கக்கூடும்.

அடுத்தது பாதை. 2024 நவம்பர் 26 ஆம் திகதி, நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டதை இப்பகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். வெள்ளத்தில் போவதற்கு உழவு இயந்திரமே பாதுகாப்பானது என்பது கிழக்கில் ஆழப் பதிந்த நம்பிக்கை. ஆயினும் வேகமாக ஓடும் முழங்காலளவு நீர் ஒரு மனிதனைச் சாய்த்துவிடும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை மிதக்கச் செய்துவிடும். பெட்டி மிதந்தால் அதனை இழுக்கும் இயந்திரத்தாலும் நிற்க முடியாது. நீர் எவ்வளவு உயர்ந்தால் எந்த வீதி மூடப்படும், அதைத் தடைபோட்டு மூடுவது யார், மூடியபின் மாற்றுவழி எது என்பவை மழை தொடங்குமுன் தீர்மானிக்கப்பட வேண்டியவை. அவசரத்தில் நிற்கும் மனிதன் தானாகத் திரும்பிப் போகமாட்டான். அவனைத் திருப்பி அனுப்ப ஒருவர் அவ்விடத்தில் நிற்க வேண்டும்.

மலையகத்தில் நிலைமை வேறு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையளவையே அடிப்படையாகக் கொள்கிறது. 24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். ஒரு மலைச்சரிவில் கொட்டும் மழை அடுத்த சரிவில் தூறலாக இருப்பதுண்டு. ஆதலால் தூரத்து நிலையத்தின் அளவை நம்பியிராமல் தோட்டத்திலேயே அளப்பது நல்லது. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து, அதில் சேரும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தாலே போதும், அதுவே மழையளவு. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, புதிதாக ஊற்றெடுக்கும் நீர், வழமையாக ஓடும் நீரோடை திடீரெனக் கலங்குவது அல்லது வற்றுவது, மரங்கள் சாய்வது ஆகியவற்றைக் கண்டால் அளவையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஆனால் அளப்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. 2014 அக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயன் குடியிருப்புகள் மண்ணுள் புதைந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்த விடயம் வெளிவந்தது. எச்சரித்தும் அவர்கள் வெளியேறவில்லை என்று சிலர் குறைகூறினர். வீடும் நிலமும் தமக்குச் சொந்தமில்லாத, அடுத்த நாள் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் சம்பளம் இல்லாத ஒரு குடும்பம் எங்கே வெளியேறும்? போவதற்கு ஓர் இடம் காட்டாமல் 'வெளியேறுக' என்று சொல்வதை எச்சரிக்கை என்று நாம் ஏற்க முடியாது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழி அது.

எச்சரிக்கையின் மொழி பற்றியும் கூறியாக வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைக் கடந்தபோது 600 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பேரழிவை ஏற்படுத்தின. தமிழ் மொழியில் அறிவித்தல்கள் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அந்நாட்களில் எழுந்தது. தமிழ் அரசகரும மொழியாக இருக்கும் நாட்டில் இது கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகையன்று. ஆயினும் அரசு திருந்தும்வரை கிராமம் காத்திருக்க முடியாது. சிங்களமும் ஆங்கிலமும் வாசிக்கக்கூடிய இருவரை முன்னெச்சரிக்கை உபகுழுவில் சேர்த்து, வரும் அறிவித்தலை அக்கணமே தமிழில் சொல்லும் பொறுப்பை அவர்களிடம் கொடுக்கலாம். பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் கோயிலின் ஒலிபெருக்கியும் அதற்கு உதவும். மின்சாரம் முதலில் நின்றுபோகும் என்பதால் மின்கலத்தில் இயங்கும் ஒன்றாவது இருக்க வேண்டும்; அதுவும் நின்றால் கோயில் மணியும் சைக்கிளில் செல்லும் இளைஞர்களும் இருக்கின்றனர். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கமும், அம்பியூலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கமும் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டப்பட்டிருப்பது நல்லது.

மக்கள் வெளியேறத் தயங்குவதற்கான காரணங்களை நாம் ஏளனம் செய்யக் கூடாது. வீட்டைவிட்டுப் போனால் நகையும் பண்டமும் களவு போகும் என்ற அச்சம் ஒன்று. மாடுகளையும் ஆடுகளையும் விட்டுப்போக மனமின்மை மற்றொன்று. முகாமாகும் பாடசாலையில் குமர்ப்பிள்ளைகளை எப்படித் தங்கவைப்பது, மலசலகூடத்துக்கு எப்படி அனுப்புவது என்ற தாய்மாரின் கவலை மூன்றாவது. வெளியே சொல்லப்படாவிட்டாலும் பலமானது இதுவேயாகும். வெறுமையான வீடுகளைக் காவல்செய்ய வள்ளத்துடன் ஓர் அணி, கால்நடைகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிச்செல்ல ஓர் அணி, பெண்களுக்குத் தனி அறையும் கதவுள்ள மலசலகூடமும் வெளிச்சமும் என்பவை உறுதியாகத் தெரிந்தால் மக்கள் நேரத்துக்கு வெளியேறுவர். தங்குமிடக் குழுவில் பெண்கள் சரிபாதியாக இருப்பது இதற்கு அவசியமாகும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பொலித்தீன் உறையிலிட்டு எடுத்துச் செல்லத்தக்கதாக வைத்திருக்கும்படி சொல்ல வேண்டியதில்லை. போரிலும் ஆழிப்பேரலையிலும் அவற்றை இழந்து கந்தோர் கந்தோராக அலைந்த சனங்கள் நாம்.

வெள்ளம் வடிந்த பின்னும் ஆபத்து வடிவதில்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்தைத் தொடர்ந்து எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பலிகொண்டது. சேற்றில் இறங்கும் விவசாயிகளுக்கு முன்கூட்டியே கொடுக்கப்படும் மாத்திரை பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கிடைக்கும். கிணறுகளை இறைத்துக் குளோரின் இடும் வேலையையும் அவரது மேற்பார்வையில் ஊரே செய்துகொள்ளலாம்.

கிழக்கில் ஒரு கிராமம் தனக்கென்று மாத்திரம் திட்டமிட முடியாது என்பதையும் மறந்துவிடலாகாது. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் இடையே இழுபறி நிலவுவது வழமை. முன்னதாக வெட்டினால் வயல் தப்பும். இறாலும் மீனும் கடலோடு போய்விடும். பிந்தினால் தாழ்நில வீடுகளும் வேளாண்மையும் மூழ்கும். குளத்தின் வான்கதவு திறக்கப்படும்போதும் அப்படியே. 2018 டிசம்பரில் கிளிநொச்சி வெள்ளத்தின்போது இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட விதம் பெரும் சர்ச்சையானது. மேலே திறந்துவிடும் நீர் தமிழ்க் கிராமத்தையும் முஸ்லிம் கிராமத்தையும் பெயர் கேட்டுக்கொண்டு கடப்பதில்லை. 2004 இல் கரையோரத்திலிருந்து ஓடிவந்தோருக்குப் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கதவைத் திறந்தபோது யாரும் யாரென்று கேட்கவில்லை. அடுத்தடுத்துள்ள ஊர்களின் குழுக்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது ஒன்றாக உட்கார்ந்து, யாருடைய பாடசாலை மேட்டில் இருக்கிறது, யாரிடம் வள்ளம் இருக்கிறது என்று பேசிக்கொள்வதில் தடையென்ன?

இதற்கென்று புதிதாக ஒரு கூட்டம் கூட்டினால் இரண்டாம் ஆண்டே ஆள் வராது. ஏற்கெனவே எல்லோரும் வரும் கூட்டம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பெரும்போகத்துக்கு முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் பிரதேச செயலாளர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்காரர் அமைப்புகள், வட்டவிதானைமார், கால்நடை வளர்ப்போர் அனைவரும் கூடி விதைப்புத் திகதியையும், மாடுகளை அப்புறப்படுத்தும் திகதியையும் தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானம் சட்டப்படி அனைவரையும் கட்டுப்படுத்துகிறது. அதே நாளில், அதே மேசையில், வான்கதவு திறப்பதை யார் யாருக்கு எத்தனை மணித்தியாலத்துக்கு முன் அறிவிப்பது, எந்த வீதி எப்போது மூடப்படும் என்ற இரண்டு விடயங்களையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம். அக்கூட்டத்துக்கு வழமையாக அழைக்கப்படாத மீனவர் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, ஆலய பரிபாலன சபை ஆகியவற்றின் பிரதிநிதிகளுக்கும் அழைப்பு அனுப்பப்பட வேண்டும். அன்றே ஊரின் பெயர்ப்பட்டியலும் புதுப்பிக்கப்பட்டு, பிரதிகள் கிராம உத்தியோகத்தர், அதிபர், பள்ளிவாசல், கோயில் ஆகிய நான்கு இடங்களில் வைக்கப்படலாம்.