உங்களுக்குத் தெரியுமா? குண்டு விழும்போதே ‘நிறுத்துங்கள்’ என்ற ஐரோப்பியப் பெண்கள்

போர் முடிந்து இழப்பைக் கணக்கிடும்போது எல்லோரும் அமைதியைப் பேசுவார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போது, சொந்த ஊர்க்காரர்களே துரோகி என்று ஏசும்போது, அதைப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஐரோப்பாவில் அப்படிப் பேசிய பெண்கள் சிலரைப் பற்றிய துணுக்குகள் இவை. இவர்களில் பலருக்கு அன்று ஓட்டுரிமைகூட இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாளிதழ் ஒதுக்கிய யோசனை
1854. கிரிமியப் போரில் ரஷ்யா ஒரு பக்கம். துருக்கி, பிரிட்டன், பிரான்ஸ் மறுபக்கம். எல்லா நாட்டுப் பெண்களும் ஒரே அமைதிக் கூட்டணியாகச் சேர்ந்து, கைதிகளையும் அனாதைகளையும் ஏழைகளையும் கவனிக்க வேண்டும் என்று ஓர் அழைப்பு லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் வெளிவந்தது. எழுதியவர் ஸ்வீடன் நாவலாசிரியை ஃபிரெடரிகா பிரெமர். அழைப்பை அச்சிட்ட அதே நாளிதழ், இது நடக்கிற காரியமில்லை என்று தலையங்கமும் எழுதியது. பல நாட்டுப் பெண்கள் போரின் நடுவே ஓரிடத்தில் கூட 61 ஆண்டுகள் ஆயின.

நோபலின் செயலாளர்
பிராகாவில் 1843-ல் பிறந்த பெர்த்தா ஃபான் சுட்னர், டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலிடம் பாரிஸில் ஒரு வாரம்போல மட்டுமே செயலாளராக வேலை பார்த்தார். நட்பு மட்டும் கடிதங்கள் வழியே நோபல் இறக்கும்வரை நீடித்தது. ஆயுதங்களைக் கீழே போடச் சொல்லும் அவருடைய நாவல் 1889-ல் வெளிவந்து பல மொழிகளுக்குப் போனது. நோபல் தன் உயிலில் அமைதிக்கும் ஒரு பரிசு வைத்ததில் சுட்னரின் பங்கு பெரிது. 1905-ல் அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. 1914 ஜூன் 21 அன்று இறந்தார். ஏழே நாளில் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். அதைத் தொடர்ந்து முதல் உலகப்போர் மூண்டது. ஆஸ்திரியாவின் 2 யூரோ நாணயத்தில் இன்று இருப்பது சுட்னரின் முகம்.

சோப்புகூட ஆடம்பரம்!
தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களோடு பிரிட்டன் போரிட்டபோது, அவர்களுடைய பண்ணைகளை ராணுவம் எரித்தது. பெண்களையும் குழந்தைகளையும் கூடார முகாம்களில் அடைத்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்த எமிலி ஹாப்ஹவுஸ், 1901 ஜனவரியில் நிவாரணப் பொருள்களோடு புளூம்ஃபான்டைன் முகாமுக்குப் போனார். தண்ணீர் போதவில்லை, குழந்தைகள் காய்ச்சலில் கிடந்தார்கள். சோப்பு கேட்டால், அது ஆடம்பரப் பொருள் என்று பதில் வந்தது. பார்த்ததையெல்லாம் அறிக்கையாக லண்டனில் வெளியிட்டார். அரசு விசாரணைக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி போன அவரைக் கேப் டவுனில் இறங்கவே விடவில்லை. வேறு கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த முகாம்களில் இறந்த போயர் பெண்களும் குழந்தைகளும் ஏறக்குறைய 26,000 பேர். கறுப்பின மக்களை அடைத்த தனி முகாம்களில் 14,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். ஹாப்ஹவுஸ் 1926-ல் காலமானபோது, புளூம்ஃபான்டைனில் அந்தப் பெண்களுக்காக எழுப்பிய நினைவுச்சின்னத்திலேயே அவருடைய அஸ்தியை வைத்தார்கள்.

காந்திக்காகவும் பேசியவர்
தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் பங்கேற்ற தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகம் 1913 இறுதியில் உச்சத்தில் இருந்தது. காந்தியோடு பேசித் தீர்க்கும்படி அந்நாட்டு அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்கு எழுதியவர்களில் ஹாப்ஹவுஸும் ஒருவர். அவர் மறைந்தபோது காந்தி தன் ‘யங் இந்தியா’ இதழில் அஞ்சலி எழுதினார்.

தம்பி தளபதி, அக்கா எதிர்ப்பாளர்
1914-ல் பிரான்ஸுக்குப் போன பிரிட்டிஷ் படையின் தலைமைத் தளபதி ஜான் ஃபிரெஞ்ச். அவரைச் சிறுவயதில் வளர்த்தவர்களில் ஒருவர் அக்கா சார்லட் டெஸ்பார்ட். தம்பி படை நடத்திய அதே போரை எதிர்த்து, எழுபது வயதில் ஊர் ஊராகப் பேசினார் அக்கா.

இன்னொரு குடும்பமும் இப்படிப் பிளந்தது. ஓட்டுரிமைப் போராட்டத்தின் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் போரை ஆதரித்தார். மகள் சில்வியா எதிர்த்தார். கிழக்கு லண்டனில் மலிவு விலை உணவகமும் குழந்தைகளுக்குப் பாலும் ஏற்பாடு செய்தார்.

பாஸ்போர்ட் கொடுக்காதே!
1915 ஏப்ரல் 28 முதல் மே 1 வரை, நெதர்லாந்தின் ஹேக் நகரில் 12 நாடுகளிலிருந்து 1,100-க்கும் மேற்பட்ட பெண்கள் கூடினார்கள். முன்னின்று நடத்தியவர் அந்நாட்டின் முதல் பெண் மருத்துவர் ஆலெட்டா யாகோப்ஸ். பிரிட்டனில் 180 பேர் புறப்படத் தயாராக இருந்தார்கள். அரசு சிலருக்கு மட்டும் பாஸ்போர்ட் தந்துவிட்டு, வடகடலில் கப்பல் போக்குவரத்தையே நிறுத்தியது. போய்ச் சேர்ந்தவர்கள் மூவர்தான்: இருவர் முன்னதாகவே நெதர்லாந்தில் இருந்தவர்கள், ஒருவர் அமெரிக்கக் குழுவோடு வந்தவர். அந்த அமெரிக்கக் குழுவின் கப்பலையும் டோவர் அருகே பிரிட்டன் நாள்கணக்கில் நிறுத்தி வைத்தது. பிரான்ஸிலிருந்து ஒருவரும் வரவில்லை.

யார் குற்றவாளி என்று பேசக் கூடாது
ஹேக் மாநாட்டுக்கு ஒரு விதி இருந்தது. இந்தப் போருக்கு யார் காரணம், யார் எப்படி நடத்துகிறார்கள் என்ற விவாதத்துக்கு இடமில்லை. அதனால்தான் ஜெர்மன் பெண்களும் பெல்ஜியப் பெண்களும் ஒரே அவையில் உட்கார முடிந்தது. 20 தீர்மானங்கள் நிறைவேறின. மக்கள் சம்மதமின்றி நிலப்பகுதி கைமாறக் கூடாது, ரகசிய உடன்படிக்கை கூடாது, நாடுகளுக்கு நிரந்தரமான பொது அமைப்பு வேண்டும் என்பவை அவற்றில் சில. அதோடு நிற்காமல், போரிடும் நாடுகளுக்கும் நடுநிலை நாடுகளுக்கும் தூதுக் குழுக்கள் போய்ப் பிரதமர்களையும் வெளியுறவு அமைச்சர்களையும் நேரில் சந்தித்தன. இதே யோசனைகளில் பல, 1918-ல் அமெரிக்க அதிபர் வில்சனின் புகழ்பெற்ற 14 அம்சங்களில் இடம்பெற்றன.

துப்பாக்கி ஏந்த மறுத்ததால் குடியுரிமை இல்லை
தூது அனுப்பும் யோசனையைச் சொன்னவர் ஹங்கேரியின் ரோசிக்கா ஷ்விம்மர். 1918-ல் ஹங்கேரி அவரை ஸ்விட்சர்லாந்துக்குத் தூதராக அனுப்பியது. உலகின் முதல் பெண் தூதர்களில் ஒருவர். பின்னர் அமெரிக்காவில் குடியேறிக் குடியுரிமை கேட்டார். நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவாயா என்ற கேள்விக்கு மாட்டேன் என்றார். பெண்களைப் படையில் சேர்க்காத காலம். அவருக்கு ஐம்பது வயதும் கடந்திருந்தது. இருந்தும் 1929-ல் உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்துவிட்டது. எந்த நாட்டுக் குடிமகளாகவும் இல்லாமலே 1948-ல் இறந்தார்.

ராணுவ நீதிமன்றத்தில் பள்ளி ஆசிரியை
பாரிஸை அடுத்த பாந்தனில் சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவர் எலென் பிரியோன். போர் எதிர்ப்புத் துண்டறிக்கைகளை விநியோகித்ததாக 1917 நவம்பரில் கைதாகி, 1918 மார்ச்சில் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார். அவருடைய வாதம் கூர்மையானது: அரசியல் உரிமையே இல்லாத பெண்மீது அரசியல் குற்றம் எப்படிச் சுமத்தலாம்? நிறுத்திவைக்கப்பட்ட மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. வேலை போயிற்று, திரும்பக் கிடைத்தது 1925-ல்தான்.

வழக்குரைஞரே கொடுத்த அபராதம்
1918 நவம்பரில் சண்டை நின்றும் நேச நாடுகளின் கடல் முற்றுகை நீடித்ததால், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள். எலும்பும் தோலுமான ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கையை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்து, 1919-ல் கைதானார் எக்லண்டைன் ஜெப். அபராதம் 5 பவுண்டு. அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்குரைஞரே அந்த 5 பவுண்டைக் கொடுத்தார். ஜெப்பும் தங்கை டாரதியும் தொடங்கிய ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பின் முதல் நன்கொடை அதுதான். ஜெப் வரைந்த குழந்தைகள் உரிமைப் பிரகடனத்தை 1924-ல் சர்வதேச சங்கம் ஏற்றது.

வெர்சாய் பற்றிய எச்சரிக்கை
வெற்றி பெற்ற நாடுகள் வெர்சாய் உடன்படிக்கையின் நிபந்தனைகளை வெளியிட்டது 1919 மே மாதம். ஹேக் மாநாட்டின் தொடர்ச்சியாக அப்போது சூரிச்சில் கூடிய பெண்கள், இது பகையை வளர்த்து இன்னொரு போருக்கு விதை போடும் என்று உடனே கண்டித்தார்கள். உலகத்தில் முதலில் கண்டித்தவர்களில் அவர்களும் உண்டு. அமைதிக்கும் சுதந்திரத்துக்குமான மகளிர் சர்வதேசக் கழகம் அந்தப் பெயரைப் பெற்றது அங்கேதான். அந்தக் கழகம் இன்றும் ஜெனிவாவில் இயங்குகிறது.

ஒரு தாயின் 18 ஆண்டுகள்
ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் மகன் பீட்டர், 18 வயதில் படையில் சேர ஆசைப்பட்டான். தந்தை தயங்கினார். மகனுக்காகப் பேசிச் சம்மதம் வாங்கித் தந்தவர் தாய். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் மாண்டான். மண்டியிட்டு அழும் பெற்றோராகத் தன் உருவத்தையும் கணவர் உருவத்தையும் கோல்விட்ஸ் செதுக்கினார். அந்தச் சிலைகளைப் போர்வீரர் இடுகாட்டில் நிறுவும்போது ஆண்டு 1932. இடையில் அவர் வரைந்த ‘இனி ஒருபோதும் போர் வேண்டாம்’ சுவரொட்டியை இன்றும் ஊர்வலங்களில் காணலாம். 1942-ல் அவருடைய பேரனும் போரில் இறந்தான். அவன் பெயரும் பீட்டர்.

ஹிட்லரை அப்போதே வெளியேற்றச் சொன்னவர்கள்
ஜெர்மனியின் அனிட்டா அவுக்ஸ்பூர்க், லிடா குஸ்டாவா ஹைமன் என்ற தோழியர் இருவரும் 1923-லேயே, ஹிட்லரை நாடு கடத்துங்கள் என்று பவேரிய அமைச்சரிடம் கேட்டார்கள். பத்தே ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த இருவரும் திரும்பவில்லை. சொத்து பறிபோனது, வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் ஆவணங்களும் தொலைந்தன. 1943-ல் சூரிச்சில் சில மாத இடைவெளியில் இருவரும் இறந்தார்கள்.

விஷவாயுவை எதிர்த்த வேதியியலாளர்
ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக வேதியியலாளர் கெர்ட்ரூட் வோக்கர், 1924-ல் அமெரிக்க ராணுவத்தின் விஷவாயுச் செயல்விளக்கத்தை நேரில் பார்த்தார். அதன்பின் விஷவாயுப் போரைப் பற்றி எழுதுவதையும் பேசுவதையும் அவர் விடவில்லை. தான் கற்ற அறிவியல் கொலைக்குப் பயன்படுவதை அறிவியலைக் கொண்டே எதிர்த்தவர் அவர்.

காந்தி தங்கிய மாடி அறை
1931 வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி, லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் உள்ள கிங்ஸ்லி ஹாலின் மாடியில் சிறு அறையில் தங்கினார். அதை நடத்தியவர் மூரியல் லெஸ்டர். எந்தப் போரும் கூடாது என்பதில் உறுதியானவர். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் அவரை டிரினிடாடில் தடுத்து வைத்தார்கள், பாஸ்போர்ட்டையும் பறித்தார்கள்.

எதிரி நாட்டு மக்களுக்காகவும்
முதல் உலகப்போரில் காதலரையும் தம்பியையும் நண்பர்கள் இருவரையும் பறிகொடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் வீரா பிரிட்டன். போர்முனைச் செவிலியாகக் காயம்பட்ட ஜெர்மன் கைதிகளுக்கும் மருந்திட்டார். 1944-ல், ஜெர்மன் நகரங்களின் மீது கண்மூடித்தனமாகக் குண்டு பொழிவதை எதிர்த்து எழுதினார். ஜெர்மனிக்குப் பரிந்து பேசுகிறார் என்று வசைகள் குவிந்தன. போர் முடிந்தபின், நாஜிகள் பிரிட்டனைப் பிடித்தால் கைதுசெய்ய வைத்திருந்த பட்டியல் கிடைத்தது. அதில் அவர் பெயரும் இருந்தது.

நான்கே நாளில் தண்டனை
மியூனிக் பல்கலைக்கழக மாணவி சோஃபி ஷோல், நாஜி ஆட்சியையும் அதன் போரையும் எதிர்க்கும் துண்டறிக்கைகளோடு 1943 பிப்ரவரி 18 அன்று பிடிபட்டார். 22-ம் தேதி விசாரணை, தீர்ப்பு, தலை துண்டிப்பு மூன்றும் ஒரே நாளில் முடிந்தன. வயது 21. அந்தத் துண்டறிக்கை ரகசியமாக வெளிநாடு போய், மறுபடி அச்சாகி, நேச நாட்டு விமானங்களிலிருந்து ஜெர்மனி மீதே பொழிந்தது.

பெல்ஃபாஸ்ட் தெருவில்
1976 ஆகஸ்டில் வட அயர்லாந்தில், ராணுவம் சுட்டதில் ஓட்டுநர் இறக்க, தறிகெட்ட கார் மோதி மூன்று குழந்தைகள் பலியானார்கள். அதைக் கண்ட பெட்டி வில்லியம்ஸ் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். குழந்தைகளுடைய தாயின் சகோதரி மெய்ரீட் கோரிகன் அவரோடு சேர்ந்தார். பகைகொண்டிருந்த கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஆயிரக்கணக்கில் ஒன்றாக நடந்தார்கள். இருவருக்கும் 1976-ம் ஆண்டுக்கான அமைதி நோபல் கிடைத்தது. சுட்னருக்குப் பின் ஓர் ஐரோப்பியப் பெண்ணுக்கு அது கிடைக்க 71 ஆண்டுகள் பிடித்தன.

30,000 பேரின் வேலி
1981-ல் வேல்ஸின் கார்டிஃபிலிருந்து 36 பெண்கள் நடந்தே போய், இங்கிலாந்தின் கிரீனம் காமன் விமானத் தளத்தில் அணு ஏவுகணை வைப்பதை எதிர்த்தார்கள். அங்கேயே முகாமிட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில், ஏறக்குறைய 30,000 பெண்கள் கைகோத்துத் தளத்தின் 9 மைல் வேலியைச் சுற்றி நின்றார்கள். ஏவுகணைகள் 1991-க்குள் போய்விட்டன. முகாம் 2000 வரை நீடித்தது.

புதன்கிழமைக் கறுப்பு
யூகோஸ்லாவியா சிதறிக்கொண்டிருந்த 1991 அக்டோபரில், பெல்கிரேடில் கறுப்புடை அணிந்த பெண்கள் தங்கள் அரசின் போருக்கு எதிராகத் தெருவில் மௌனமாக நிற்கத் தொடங்கினார்கள். வாரந்தோறும் புதன்கிழமை நின்றார்கள், ஏச்சுகளைப் பொறுத்துக்கொண்டார்கள். போருக்குப் போக மறுத்த இளைஞர்களுக்கும் துணை நின்றார்கள்.

மகனைத் தேடிப் போர்முனைக்கு
1989-ல் உருவான ரஷ்யப் படைவீரர் தாய்மார் குழு, 1995-ல் மாஸ்கோவிலிருந்து, ரஷ்யப் படை போரிட்டுக்கொண்டிருந்த செச்சன்யாவை நோக்கி அமைதிப் பயணம் நடத்தியது. போர்முனைக்கே போய் மகன்களைக் கையோடு அழைத்துவந்த தாய்மார்களும் உண்டு.

85 ஆண்டுகள் கழித்து
அமைதிப் பேச்சில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று ஹேக் மாநாடு கேட்டது 1915-ல். அதையே ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 1325-ம் தீர்மானத்தில் வலியுறுத்தியது 2000 அக்டோபர் 31 அன்று.

இந்தப் பெண்களில் பலர் துரோகி என்றும் எதிரியின் ஆள் என்றும் பெயர் வாங்கினார்கள். ஆனால் முகாம்களைப் பற்றி ஹாப்ஹவுஸ் சொன்னது உண்மை. வெர்சாய் பற்றி சூரிச்சில் சொன்னது இருபதே ஆண்டில் பலித்தது. ஹிட்லரைப் பற்றி அந்தத் தோழியர் சொன்னதை அன்று கேட்டிருக்கலாம். எந்த நாட்டிலானாலும், போர் வெறி ஏறும் நாளில் ஒரு பெண் எழுந்து ‘வேண்டாம்’ என்றால், அவரைத் துரோகி என்பதற்கு முன் அவர் என்ன சொல்கிறார் என்று காதுகொடுத்துக் கேட்போம். அவ்வளவு செய்தாலே பல உயிர்கள் பிழைக்கும்.