ஸ்போர்ட்ஸ் செடானும் பெயரின் வலிமையும்

சொகுசும் பந்தயக் காருக்குரிய வேகமும் ஒருங்கே அமைந்த நான்கு கதவு வண்டி ஸ்போர்ட்ஸ் செடான் எனப்படுகிறது. இவ்வகையில் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் ஆகியவற்றின் பெயர் விளம்பரத்தைவிடப் பந்தயத் தடத்தாலேயே நிலைபெற்றது எனலாம். பிஎம்டபிள்யூ 1972இல் பந்தயத்திற்கென ‘எம்’ என்னும் தனிப்பிரிவைத் தொடங்க, 1967இல் தனி நிறுவனமாகப் பிறந்த ஏஎம்ஜியோ மெர்சிடிஸ் எஞ்சின்களின் திறனைக் கூட்டிப் புகழடைந்து, பின்னர் அக்குழுமத்திலேயே இணைந்தது. இத்தகைய வண்டிகள் தமிழகத்திற்கும் அந்நியமல்ல; சென்னையை அடுத்த பிஎம்டபிள்யூ ஆலையில் 2007 முதல் 3 சீரிஸ் செடான்கள், பாகங்களாக வந்து முழு வண்டியாகப் பூட்டப்படுகின்றன. ஓட்டி மகிழ்வோருக்கு பிஎம்டபிள்யூவும், பின்னிருக்கையில் அமர்வோருக்கு மெர்சிடிஸும் பொருந்தும். எனினும் இவற்றின் வேகத்திற்குரிய களம் கோவையின் அவிநாசி சாலையன்று. பந்தய வீரர் கரிவரதனின் பெயர் தாங்கிய, கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடமே.