கம்ப்யூட்டருக்கு உப்புப் பார்த்த அத்தை

"ஐம்பத்து நாலு வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று என் மாமியார் கேட்டார்கள். அவர்களை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை கேட்டதில் தப்பே இல்லை. இட்லிக்கு அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது, கிரைண்டர் கழுவக் காத்திருக்கிறது. நானோ சாப்பாட்டு மேஜை மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்!

என் மகன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது. அவன் வேலைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டதும், இது பீரோ மேல் போர்வைகளோடு கிடந்தது. ஒருமுறை லீவில் வந்தவன், "பால் கணக்கு, பேப்பர் கணக்குன்னு எப்பப் பார்த்தாலும் நோட்டுல எழுதிட்டே இருக்கியேம்மா, நீயே ஒரு புரோகிராம் எழுதிப் பாரேன்" என்று சொல்லி, 'பைத்தான்' என்ற கம்ப்யூட்டர் மொழியை அதில் ஏற்றிக் கொடுத்தான். காசு கொடுத்து வாங்க வேண்டாத மொழி.

பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்று அவன் விளையாட்டாகச் சொல்ல, "விளக்கு வைக்கிற நேரத்துல பாம்பு பேச்சு எதுக்குடா?" என்று அத்தை காதைப் பொத்திக்கொண்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயருக்கும் பாம்புக்கும் சம்பந்தமே இல்லை! 1991-ல் இந்த மொழியை வெளியிட்ட கைடோ வான் ரோசம் என்ற டச்சுக்காரர், 'மான்டி பைத்தான்' என்ற பி.பி.சி. நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரை ஆசையாக எடுத்து வைத்துவிட்டாராம். அந்த நிகழ்ச்சிக்காரர்கள் சினிமாவும் எடுத்தவர்கள். எனக்கு இது போதாதா? சின்ன வயதிலிருந்தே நான் சினிமாப் பைத்தியம். அடுப்படி வேலை முடிந்தால் ஒரு கண் புரோகிராமில், ஒரு கண் படத்தில் என்று பொழுது போக ஆரம்பித்தது.

முதலில் எழுதியது பால் கணக்கு. எத்தனை நாள், எத்தனை பாக்கெட், என்ன விலை. மாதக் கடைசியில் பட்டனைத் தட்டினால் தொகை வந்து நிற்கும். புரோகிராம் எழுதுவது ஒன்றும் மாய வித்தை இல்லை சகோதரிகளே. புதிதாகக் கல்யாணமாகிச் சமையலே தெரியாமல் வந்த பெண்ணுக்கு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறோமே, அது மாதிரிதான். முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய், கொதி வந்தால் இறக்கு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 'போடு' என்ற ஒரு சொல்லை நாம் எத்தனை விதமாகச் சொல்கிறோம்! கோலம் போடு, சட்டையைப் போடு, ஃபேனைப் போடு, குப்பையைக் கொண்டுபோய்ப் போடு, குழந்தைக்கு ஊசி போடு. நான்கு வயதுக் குழந்தைக்குக்கூட எது எந்தப் 'போடு' என்று புரிந்துவிடும். கம்ப்யூட்டருக்குப் புரியாது. நாம் மனத்தில் என்ன நினைத்தோம் என்பதைப் பற்றி அதற்கு அக்கறையே கிடையாது. எழுதியதை எழுதியபடி செய்துவிட்டுச் சும்மா இருக்கும். இந்தப் பாடத்தை நான் வாயால் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ள வைத்தது என் பேரன்.

மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு புதன்கிழமை காலையில் பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலேயே பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை பி வகைக்கான ஊசி எல்லாம் போட்டு, தடுப்பூசி அட்டையையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்தடுத்து 6 வாரம், 10 வாரம், 14 வாரம் என்று ஊசிகள். எனக்குக் கை துறுதுறு என்றது. "அட்டையை எதுக்குத் தேடணும்? 'அடுத்த ஊசி எப்போ'ன்னு கம்ப்யூட்டரே சொல்ற மாதிரி நான் எழுதித் தரேன்" என்று மகளிடம் ஜம்பமாகச் சொன்னேன். இரண்டே நாளில் எழுதியும் விட்டேன். பட்டனைத் தட்டினால், 'அடுத்த தடுப்பூசி' என்று தேதியோடு அழகாக வந்தது. என் கணவர்கூட, "பரவாயில்லையே!" என்றார். அவர் வாயால் அது வருவது அபூர்வம்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ராத்திரி ஏது, பகல் ஏது? நடு ராத்திரியில் மகள் பால் கொடுக்கும்போது துணைக்கு நானும் விழித்திருப்பேன். தூக்கம் வராமலிருக்கச் சத்தத்தைக் குறைத்து லேப்டாப்பில் படம் பார்ப்போம். அப்படித்தான் 2010-ல் வந்த 'எந்திரன்' படத்தை மறுபடி பார்த்தோம். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்று என்றதும், சிட்டி என்ற அந்த எந்திர மனிதன், குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே ஊரார் முன்னால் தூக்கிவந்து நிறுத்துவானே, ஞாபகமிருக்கிறதா? அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் செத்துப் போவாள் அந்தப் பெண். சிட்டி கெட்டவன் இல்லை. சொன்னதைச் செய்தான், அவ்வளவுதான்.

இன்னொரு ராத்திரி, ஸ்டான்லி குப்ரிக் 1968-ல் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. அதில் விண்கலத்தையே நடத்துகிற ஹால் என்ற கம்ப்யூட்டர், தன் வகைக் கம்ப்யூட்டர்கள் தப்பே செய்ததில்லை என்று பெருமை பேசும். தப்பு நேர்ந்தால் அது மனிதர்கள் செய்ததாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்லும். "திமிரைப் பாரேன்!" என்று நானும் மகளும் சிரித்தோம். அந்தத் திமிர் எங்கள் வீட்டிலும் ஒருத்திக்கு இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

குழந்தைக்கு ஐந்து வாரம் தாண்டியது. மாப்பிள்ளை வீட்டார், வருகிற புதன்கிழமை குலதெய்வம் கோயிலுக்குக் குழந்தையை எடுத்துப் போகலாமா என்று கேட்டார்கள். நான் பட்டனைத் தட்டினேன். 'அடுத்த தடுப்பூசி: 10 வாரம்' என்று வந்தது. அப்பாடா, இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று சரி சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அத்தை கூடத்துக் காலண்டர் முன்னால் நின்றுகொண்டு, "ஏம்மா, இந்தப் புதனோட ஆறு புதன் ஆச்சே, பிள்ளைக்கு ஊசி இல்லையா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் அதில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்து வந்திருக்கிறார்கள். எண்பது வயதில் அவர்கள் வைத்த கணக்கு அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும் அத்தை, நீங்க பேசாம இருங்க." அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் உள்ளே போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பிரயாணப் பை கட்டி வாசலில் இருக்கிறது. எங்கள் பகுதி நர்ஸம்மா போன் செய்தார். "நாளைக்குப் பாப்பாவைத் தூக்கிட்டு வந்துடுங்கம்மா, ஒண்ணரை மாச ஊசி."

"இன்னும் ஒரு மாசம் இருக்குங்களே, கம்ப்யூட்டர்ல பார்த்தேனே!"

"கம்ப்யூட்டர் கிடக்கட்டும்மா, அட்டையை எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். 6 வாரம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் மறுநாள் தேதி. எனக்குக் கை கால் ஓடவில்லை.

கோயில் பிரயாணம் தள்ளிப் போயிற்று. புதன்கிழமை காலை ஊசி போட்டாயிற்று. "ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளிப் போனா பயமில்லைம்மா. எப்ப ஞாபகம் வந்தாலும் கொண்டு வந்து போட்டுக்கலாம், முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஆனா வேணும்னே தள்ளிப் போடக் கூடாது" என்றார் நர்ஸம்மா. ஆறு வாரத்தில் போடும் அந்த ஒரே ஊசியில் ஐந்து காவல்கள் இருக்கின்றன: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி வகை, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமி. கூடவே போலியோவுக்கும், ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கும் சொட்டு மருந்து. கக்குவான் இருமல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தைகளைத்தான் மிகவும் வாட்டும் என்று கேட்டபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. என் கெட்டிக்காரத்தனத்தால் என் பேரன் நான்கு வாரம் அந்தக் காவல் இல்லாமல் இருந்திருப்பான்!

அன்று ராத்திரி தூக்கம் வராமல் என் புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். 6, 10, 14 என்ற எண்களுக்கு இரு பக்கமும் நான் மேற்கோள் குறி போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் பைத்தானுக்கு அவை எண்கள் இல்லை, வெறும் எழுத்துகள். எழுத்துகளை வரிசைப்படுத்து என்றால் அகராதி மாதிரி முதல் எழுத்தைத்தான் அது பார்க்கும். 10-க்கும் 14-க்கும் முதல் எழுத்து 1. அதனால் அவை முன்னால் வந்துவிட்டன. பாவம், 6 வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் முறை வருவதற்குள் அதன் தேதியே தாண்டிப் போயிருக்கும்! மேற்கோள் குறிகளை எடுத்தேன். அடுத்த விநாடி 6, 10, 14 என்று ஒழுங்காக வந்தது.

இப்படிப்பட்ட தப்புகளுக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் 'பக்', அதாவது பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1947-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற பெரிய கணக்கு இயந்திரம் மக்கர் செய்தபோது, உள்ளே நிஜமாகவே ஒரு விட்டில்பூச்சி மாட்டிக்கொண்டிருந்ததாம். அதை எடுத்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியே வைத்துவிட்டார்கள். அந்தச் சொல் அதற்கு முன்பே இருந்ததுதான். ஆனாலும் அங்கே வேலை பார்த்த கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே பிரபலமாக்கிவிட்டார்.

அந்த வாரம் மகள், "இதைப் பாரும்மா" என்று 2016-ல் வந்த 'ஹிட்டன் ஃபிகர்ஸ்' படத்தைப் போட்டாள். நடந்த கதை. அமெரிக்க விண்வெளி ஆய்வு மையத்தில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களைப் பற்றியது. அந்தக் காலத்தில் 'கம்ப்யூட்டர்' என்றால் இயந்திரம் இல்லையாம், கணக்குப் போடுகிற மனிதர்களுக்குத்தான் அந்தப் பெயராம்! இயந்திரக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் டோரத்தி வான் என்ற பெண்மணி, ஃபோர்ட்ரான் என்ற மொழியைத் தானாகவே கற்று மற்றப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரக் கிளம்பினார். அதற்கு முன், கம்ப்யூட்டர் போட்ட கணக்கை கேத்தரின் ஜான்சன் கையால் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் சரி என்ற பிறகுதான் பயணம். மூன்று முறை பூமியைச் சுற்றி நல்லபடியாக இறங்கினார் கிளென். அந்த அம்மாளுக்கு 2015-ல், 97-வது வயதில், அந்நாட்டின் உயரிய பதக்கம் கிடைத்தது.

அத்தையும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் கதையைத் தமிழில் சொல்லச் சொல்ல, "அப்போ அந்தப் பொண்ணும் என்னை மாதிரிக் கைக்கணக்குதானா?" என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அத்தை" என்றேன். "அது போகட்டும்மா. பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு இல்லே?" என்று சொல்லிக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்கள்.

புரோகிராம் எழுதுவதை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். உங்களுக்கும் ஆசையிருந்தால் தைரியமாக ஆரம்பியுங்கள். ஆனால் நைவேத்தியம் தவிர எந்தச் சமையலையும் உப்புப் பார்க்காமல் பரிமாறுவோமா? அதே பழக்கம் இதற்கும் வேண்டும். நீங்கள் எழுதியதோ, செல்போனில் யாரோ செய்து கொடுத்ததோ, எதுவானாலும் அது சொல்கிற முதல் விடையை விரல்விட்டு எண்ணிச் சரிபாருங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையைச் சட்டென்று எடுக்கிற இடத்தில் வையுங்கள். அதிலுள்ள தேதியைக் கூடத்துக் காலண்டரிலும் குறித்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் ஒரு சந்தேகம் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒருதரம் எழுந்துபோய்ப் பாருங்கள்.

பேரனின் 10 வார ஊசிக்கு முதல் நாள் நான் பட்டனைத் தட்டி, வந்த தேதியை உரக்கப் படித்தேன். அத்தை காலண்டரில் மஞ்சள் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்கள்.

"பத்து புதன். சரியாத்தான் சொல்லுது" என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் பையைக் கட்டினோம்.